எடுத்துவரும் நாயும் அறுவடையான வயலும்

நாயை வயலில் இறங்க விடலாகாது என்பது கமக்காரர் வீடுகளிற் பழகிப்போன கட்டளை. நாற்று மிதிபடும், வரம்பு இடியும், களத்து நெல்லுக்கு அசுத்தம் என்பன அதற்குக் கூறப்படும் காரணங்கள். இவை யாவும் நியாயமானவையே. எனினும் வயல் ஆண்டு முழுவதும் பயிருடன் நிற்பதில்லை. திருகோணமலை மாவட்டத்தில் ஒரு போகத்துக்கும் மறு போகத்துக்கும் இடையே நிலம் வெறுமையாய்க் கிடக்கும் சில கிழமைகள் உள. ரிட்ரீவர் எனப்படும் எடுத்துவரும் நாய்களைப் பழக்க விரும்புவோர் திறந்தவெளி தேடி வயற்புறங்களுக்கு வருவது அக்காலத்திலேயாம். வருபவருக்கு எந்த நிலத்தைக் காட்டுவது, அனுமதி கொடுக்கும் உரிமை எவரிடம் உளது, எந்த நிலத்தை எக்காலத்தும் மறுக்க வேண்டும் என்பனவற்றைக் கமக்காரர் முன்னரே அறிந்திருத்தல் நன்று. கமக்காரர் தாமே இவ்வகை நாயை வளர்ப்பவராயின் அவருக்கும் இதே கேள்விகள் எழும்.

நாயின் இயல்பு

துவக்கினாற் சுடப்பட்டு நீரிலோ புதரிலோ வீழ்ந்த பறவையைத் தேடி, பல் பதியாமற் கவ்வி, எசமானின் கையிற் கொடுப்பதற்கென மேல்நாட்டார் வளர்த்தெடுத்த இனங்கள் இவை. லப்ரடோர் இனத்தின் மூதாதைகள் வட அமெரிக்காவின் கிழக்கோரத்திலுள்ள நியூபவுண்லாந்துத் தீவில் மீனவரிடம் வாழ்ந்தவை. வலைக்கயிற்றை இழுத்து வரவும், தூண்டிலினின்று நழுவிய மீனைப் பிடித்து வரவும் அவை பழக்கப்பட்டிருந்தன. இங்கிலாந்திற்குக் கொண்டுபோய்ப் பெருக்கப்பட்ட அவ்வினத்தை அந்நாட்டு நாய்வளர்ப்போர் கழகம் 1903ஆம் ஆண்டிலே தனியினமாக ஏற்றுக்கொண்டது. பொன்னிற ரிட்ரீவர் இனமோ ஸ்கொத்லாந்திலே 1868ஆம் ஆண்டு ஈனப்பட்ட குட்டிகளிலிருந்து தொடங்கியது.

பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் இலங்கை வயல்களில் உள்ளான் சுடுதல் துரைமாரின் பொழுதுபோக்காயிருந்தது. ஊசிவால் உள்ளான் வடதேசத்திலிருந்து செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் இங்கு வந்திறங்கி ஏப்பிரிலளவில் மீளுவது. திருகோணமலையிற் பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957ஆம் ஆண்டு வரை இருந்தது. அக்காலம் போய்விட்டது. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதற்குப் பின் வந்த திருத்தங்களும் நாட்டுப் பறவைகளுட் பெரும்பாலானவற்றைப் பாதுகாத்து நிற்கின்றன. ஆதலால் இன்று நாயைப் பழக்குவதற்குப் பறவை வேண்டியதில்லை. கித்தான் துணியாலான சிறு உருளையொன்றை எறிந்து அதனை எடுத்துவரச் செய்வதே பயிற்சியாகும். பறவை சுடுவதற்கு நாய் பழக்க வேண்டும், நிலந் தாருங்கள் என எவரேனும் கேட்பாராயின் அவருக்கு விடை மறுப்பொன்றே.

வேட்டை ஒழிந்த பின்னும் இவ்வினங்களின் தேவை ஒழியவில்லை. கூரிய மோப்பமும் மனிதனுடன் இணங்கி நடக்கும் குணமும் உடையனவாதலின், வெடிமருந்து, போதைப்பொருள் ஆகியவற்றை மணந்து காட்டவும், பார்வையற்றோருக்கு வழிகாட்டவும் உலகெங்கும் லப்ரடோர் நாய்கள் பழக்கப்படுகின்றன. போரின் பின் வடக்குக் கிழக்கு மாகாணங்களிற் புதைந்து கிடந்த கண்ணிவெடிகளைத் தேடும் பணியிலும் மோப்ப நாய்கள் ஈடுபடுத்தப்பட்டன. எறிந்ததைத் தேடி எடுத்துவரும் விளையாட்டு இத்தகைய பயிற்சிகள் பலவற்றுக்கும் அடிப்படையாக அமைவது.

இந்நாய் காட்டுப்பன்றியைத் துரத்துமா என்பது கமக்காரர் முதலிற் கேட்கும் கேள்வியாயிருக்கும். துரத்தாது, துரத்தப் பழக்குதலுந் தகாது. காவலுக்கு ஊர்நாயே மேல். லப்ரடோர் நாயைப் பரணடியிற் கட்டி வைத்துப் பன்றிக்காவல் பார்க்கலாமென்று பெருந்தொகை கொடுத்து வாங்குபவர் பணத்தையும் இழப்பார், பயிரையும் இழப்பார்.

ஒரு நிலம் போதாதது ஏன்

குட்டிக்கு முதற் பாடங்கள் வீட்டு முற்றத்திலேயே நடைபெறும். இருக்கச் சொன்னால் இருத்தல், அழைத்தால் வருதல், எறிந்த உருளையைக் கண்டவுடன் பாயாமல் ஏவல் வரும்வரை பொறுத்தல் ஆகியவற்றுக்கு இருபது முப்பது யார் நீளமுள்ள வளவே போதும். ஆறு மாதங் கடந்து உடல் தேறிய பின்னரே நூறு யாருக்கு மேற்பட்ட தூரமும், தாளும் புல்லும் புதரும் கலந்த தரையும், ஆழங் குறைந்த நீரும் தேவைப்படும்.

இங்கே நாயின் இயல்பொன்றை அறிந்துகொள்ளல் வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பழகிய நாய் அவ்விடத்தில் மட்டுமே கீழ்ப்படியும். தம்பலகாமத்து வயலில் விசிற்சத்தத்துக்கு அசையாமல் இருந்த நாய் நிலாவெளிக் கடற்கரையில் அதே விசிலைக் கேளாதது போல ஓடும். அது பிடிவாதமன்று. இடம், மணம், தரை, காற்று ஆகிய யாவற்றையும் சேர்த்தே அது பாடத்தைக் கற்றிருக்கிறது. ஆதலால் அறிந்த பயிற்சியாளர் ஒரு வயலோடு நில்லார். நாலைந்து வகை நிலங்களை மாறிமாறிக் கேட்பார். இதனாற் கமக்காரருக்கும் ஒரு நன்மையுண்டு. ஒரே வயல் நாட்கணக்காக மிதிபட வேண்டியதில்லை. ஒரே வயலை மாதம் முழுவதுங் கேட்பவர் தொழில் அறியாதவர் என்று எண்ணுவதிற் தவறில்லை.

காற்றும் கவனிக்கத்தக்கது. நாய் கண்ணால் மட்டுமன்றி மூக்காலுந் தேடுவதாகலின், எதிர்காற்றில் உருளையின் மணம் அதனிடம் வந்து சேரும், பின்காற்றிற் சேராது. இம்மாவட்டத்தில் மே முதல் செப்டெம்பர் வரை மேற்கிலிருந்து கச்சான் வீசும். மாரியில் வாடை வீசும். நீளமான வயல்வெளி கிழக்கு மேற்காக அமைந்திருப்பின் கச்சான் காலத்தில் அதன் மேல்புறத்திலே உருளையை எறிந்து, கீழ்ப்புறத்திலிருந்து நாயை ஏவலாம். கச்சான் வெப்பக் காற்றாகும். நாய்க்கு உடல் முழுதும் வேர்வை இல்லை. நாக்கை நீட்டி இளைத்தே அது வெப்பத்தைத் தணிக்கும். தடித்த இரட்டை உரோமப் போர்வையுடைய லப்ரடோர் முற்பகல் ஒன்பது மணிக்குப் பின் வெயிலில் ஓடுமாயின் வெப்பத்தாக்கினால் வீழ்ந்து இறக்கவுங் கூடும்.

எக்காலம் ஏற்றது

பெரும்போகம் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் விதைக்கப்பட்டுப் பெப்புருவரி, மார்ச்சு மாதங்களில் அறுக்கப்படும். சிறுபோகம் ஏப்பிரில், மே மாதங்களில் விதைக்கப்பட்டு ஓகஸ்ட், செப்டெம்பரில் அறுவடையாகும். எனவே வயல் ஓய்ந்திருப்பது மார்ச்சு இறுதியில் ஒரு முறையும், செப்டெம்பரில் ஒரு முறையுமாம். குளத்து நீர் போதாமையாற் சிறுபோகம் கைவிடப்பட்ட வெளிகளில் ஓய்வு நீளும்.

இவ்விரண்டிற் செப்டெம்பரே சிறந்தது. மார்ச்சு இறுதியில் நிலம் முற்றாகக் காய்ந்திராது. ஈரவரம்பு நாயின் காலுக்கும் மனிதன் காலுக்கும் எளிதில் நெகிழும். அன்றியும் ஆட்காட்டிக் குருவி வெறுந்தரையிலே, தாள் வயலிலும் குளத்து அலைகரையிலும், கல்லோடு கல்லாகத் தோன்றும் முட்டைகளை இடும் பருவம் அப்போது தொடங்கிவிடும். எதையும் கவ்வி எடுத்துவரும் குணமுள்ள நாய் முட்டையையோ குஞ்சையோ கவ்வி வருதல் கூடும். ஆட்காட்டி தலைக்கு மேலே சுற்றிக் கத்துமாயின் அவ்வெளியை விட்டு விலகிவிடல் வேண்டும். அதைக் காண்பதற்குப் பயிற்சியாளரிலும் கமக்காரரே வல்லவர். செப்டெம்பரில் நிலம் காய்ந்து இறுகியிருக்கும். கூடு கட்டும் பருவம் பெரும்பாலும் முடிந்திருக்கும். வெப்பம் ஒன்றே தடை. அதற்கு வைகறைக்குப் பிந்திய இரண்டு மணி நேரம் பரிகாரமாகும்.

மரக்கறித் தோட்டங்களைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை. வெங்காயப் பாத்தி, மிளகாய்த் தோட்டம், கொடிப்பந்தல் எதுவும் பயிற்சிக்கு உரியதன்று. இலைக்கறிப் பாத்தியில் நாய் மலசலங் கழித்தல் உண்போர்க்குக் கேடு. பயிர் எடுத்து முடிந்த தோட்டமாயினும் பூச்சிநாசினி தெளித்த நிலமாயின் நாயை இறக்கலாகாது. நாய் தன் பாதத்தை நக்கும் பழக்கமுடையது.

அனுமதி எவருடையது

இவ்விடத்திலேயே பிணக்குகள் பிறக்கின்றன. வயல் ஒன்றாகத் தோன்றினும் உரிமை பலவாகக் கிடக்கும்.

உறுதிக்காணியாயின் உரிமையாளரின் இசைவு வேண்டும். ஆனால் உரிமையாளர் பட்டினத்திலிருக்க, வயலைச் செய்பவர் குத்தகைக் கமக்காரராயிருப்பின், உரிமையாளர் தொலைபேசியிற் கொடுத்த இசைவு போதாது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் முதலாகக் குத்தகைக் கமக்காரரின் இருப்புரிமை சட்டத்தாற் காக்கப்பட்டு வருகிறது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் அதனைத் தொடர்கிறது. வரம்பு இடிந்தால் மண் வெட்டிப் போடுபவர் அவரே. அவரைக் கேளாமல் வயலில் இறங்குபவரைத் திருப்பியனுப்ப அவருக்குத் தயக்கம் வேண்டியதில்லை.

கந்தளாய், அல்லை, முதலிக்குளம் போன்ற குடியேற்றத் திட்டங்களிலே பல காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவை. அனுமதிப்பத்திரக்காரர் தம் காணியைப் பிறருக்குக் குத்தகைக்கு விடுதல் அப்பத்திரத்தின் நிபந்தனைகளுக்கு மாறானது. ஒருநாட் காலை ஒருவர் நாயுடன் வயலில் நடந்துபோக இசைதல் வேறு. மாதாந்தம் பணம் பெற்றுக் காணியைப் பயிற்சி நிலமாக ஒப்படைத்தல் வேறு. பின்னதைச் செய்பவர் தம் பத்திரத்தையே ஆபத்துக்குள்ளாக்குகிறார். அத்தகைய கோரிக்கை வந்தால் எதிலும் ஒப்பமிடு முன் பிரதேச செயலகத்துக் காணி உத்தியோகத்தரைக் கலந்துகொள்ளல் வேண்டும். நெற்காணியில் நிரந்தர வேலியடைத்து நாய்க்கூடு கட்டுவதாயின் உறுதிக்காணிக்கும் இடையூறுண்டு. நெற்காணியை வேறு தேவைக்குப் பயன்படுத்தக் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூலமான அனுமதி இன்றியமையாதது.

தரவை எனப்படும் மேய்ச்சல் வெளிகள் பயிற்சிக்கு மிக ஏற்ற தரையுடையவை. ஆயினும் அவை எவருக்கும் உரித்தற்றவை என எண்ணுதல் பிழை. பெரும்பாலானவை அரச காணிகள். பிரதேச செயலாளரின் பொறுப்பிலுள்ளவை. இம்மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் இருப்பதால் எவ்வெளி எப்பிரிவைச் சேர்ந்ததென்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் முதலில் அறிதல் வேண்டும். எழுத்தில் அனுமதி கிடைத்த பின்னும் பட்டிக்காரரை நேரிற் கண்டு பேசாவிடிற் பயனில்லை. கன்றீன்ற எருமை நாயைக் கண்டால் ஓடாது, எதிர்த்து வரும். நாய் எசமானின் காலடிக்கு ஓடிவரும். எருமையும் அதன் பின்னே வரும்.

குளங்களுட் பெரியவையும் நடுத்தரமானவையும் நீர்ப்பாசனத் திணைக்களங்களின் பொறுப்பிலும், 80 ஹெக்டேயருக்குக் குறைந்த நிலத்துக்கு நீர்பாய்ச்சும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பிலும் உள. குளக்கட்டின் மேல் வாகனம் ஓட்டிச் செல்ல எவரையும் கமக்காரர் அனுமதித்தலாகாது. 1986ஆம் ஆண்டு ஏப்பிரில் 20ஆந் தேதி கந்தளாய்க் குளக்கட்டு உடைத்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதை இம்மாவட்டத்தார்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

அனுமதி கேட்டும் பயனில்லாத நிலங்களும் உள. 1986இற் பிரகடனஞ் செய்யப்பட்ட சோமாவதிய தேசியப் பூங்காவின் பகுதி இம்மாவட்டத்தைச் சார்ந்தது. 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவும் அத்தகையதே. அங்கு நாயுடன் புகுதல் கூடாது. வடக்கே கொக்கிளாய்க் களப்பு 1951 முதலும், தெற்கே சேருவில அல்லைப் பகுதி 1970 முதலும் சரணாலயங்களாகும். சரணாலய எல்லைக்குள் தனியார் வயல்களும் இருத்தல் கூடுமாயினும், பறவைகள் கூடி இரைதேடும் நீரோரத்தில் நாய் பழக்குதல் வழக்குக்கு இடந்தரும்; வனசீவராசிகள் திணைக்களத்தைக் கேளாமல் எவரும் இசைதலாகாது. துறைமுகக் கரையோரத்திலும் சீனன்குடாப் புறத்திலும் உள்ள கடற்படை, விமானப்படைக் காணிகளும், எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் வளாகமும் பொதுமக்களுக்குரியனவல்ல.

பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம்

இத்தனை வாயில்களையும் தனித்தனியே தட்டுவதற்கு முன் தட்ட வேண்டிய வாயில் ஒன்றுண்டு. ஒவ்வொரு போகத்துக்கும் முன் நடைபெறும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்திலே நீர் திறக்கும் நாள், விதைப்பு முடியும் நாள், மாடுகளை அப்புறப்படுத்தும் நாள், நீர் நிறுத்தும் நாள் என்பன தீர்மானிக்கப்படுகின்றன. வெளி எப்போது ஓயும், எப்போது மீண்டும் உழவு கொள்ளும் என்பது அத்தீர்மானங்களிலிருந்தே தெளிவாகும். பயிற்சி நிலந் தேடுபவர் கமக்காரர் அமைப்பின் மூலமாகத் தம் கோரிக்கையை அக்கூட்டத்துக்கு அனுப்புவாராயின், அயல்வயற்காரர், வட்டவிதானை, உத்தியோகத்தர் யாவரும் ஒருங்கே அறிவர். நீர் திறக்கும் நாளுக்குப் பதினைந்து நாள் முன்னதாகவே நாய்ப்பயிற்சி முடிந்துவிடல் வேண்டுமென அங்கே குறித்துவிட்டால் பின்னர் வழக்குக்கு இடமில்லை.

கொடுக்கப்படும் இசைவு ஒரு தாளில் எழுதப்படுதல் நன்று. வெளியின் பெயர், நாட்கள், மணி, வரும் நாய்களின் தொகை, துவக்குக் கொண்டுவரலாகாது என்பது, வரம்பும் வேலியும் பழுதுற்றால் அன்றைக்கே திருத்திக் கொடுக்கும் பொறுப்பு ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். பழக்கமில்லாத ஒருவருக்கு ஒரு தடவையில் இரண்டு நாய்களுக்கு மேல் அனுமதியாமை நலம். துவக்குச் சத்தத்துக்கு நாயைப் பழக்கவென்று வெடிச்சத்தம் எழுப்ப விரும்புவோர் இரண்டு பலகைகளைச் சேர்த்துத் தட்டினாற் போதும். முப்பது ஆண்டுக்காலம் வெடியோசை கேட்ட ஊர்களில் விடிகாலையில் வேட்டொலி எழுப்புதல் அறிவுடைமையன்று. யானைக்கென வழங்கப்படும் வெடியை இதற்குக் கொடுக்கவே கூடாது. அண்மையில் அது வெடிக்கக் கேட்ட இளநாய் பிறகு எவ்வோசைக்கும் நடுங்கி ஒளியும்.

வாய்வைக்கும் நாய்க்குள்ள ஆபத்து

வேறெந்த நாயிலும் இவ்வகை நாய்க்கு வயற்புறத்தில் ஓர் ஆபத்து மிகுதியாகவுண்டு. பன்றிக்கென உணவுப் பண்டத்துள் மறைத்து வைக்கப்படும், ஹக்கபட்டாஸ் எனப்படும் வாய்வெடியே அது. கடித்தவுடன் வெடிக்கும் இப்பொருள் சட்டத்துக்கு முரணானது. யானைக்கன்றுகள் பல இதனால் வாய் கிழிந்து பட்டினியால் மாண்டுள்ளன. தரையிற் கிடப்பதைக் கவ்வி எடுத்து வருவதே தொழிலாகக் கொண்ட நாய் இதனைக் கண்டால் விடாது. கையிற் கொடுக்கும்வரை வெடிக்காதிருக்குமாயின் எசமானின் கையும் போகும். ஆகவே வெளியைக் காட்டும் கமக்காரர் அயலில் எவரேனும் வாய்வெடியோ சுருக்குக் கம்பியோ மின்கம்பியோ வைத்துள்ளனரா என்பதை மறையாமற் சொல்ல வேண்டும். சொல்ல மனமில்லாவிடின் அனுமதியை மறுத்துவிட வேண்டும். அயலவரைக் காட்டிக்கொடுப்பதாகுமோ என்ற கூச்சம் இவ்விடத்திற் கொலைக்குத் துணைபோவதாகும்.

2006ஆம் ஆண்டின் போர் நடந்த மூதூர், சம்பூர், வெருகல் பக்கங்களில் மீளப் பயிரிடப்பட்ட வயல்களை மட்டுமே காட்டுதல் தகும். மக்கள் திரும்பிவந்த பின்னும் பயிரிடப்படாது பற்றைபிடித்துக் கிடக்கும் நிலம் கண்ணிவெடி நீங்கியதெனச் சான்று பெற்றதா என்பது தெரியாதவிடத்து, மனிதனும் நாயும் அதில் இறங்கலாகாது.

சேருவில, கந்தளாய், கோமரங்கடவல முதலிய யானை நடமாடும் பகுதிகளில் சூரியன் நன்றாக எழுந்த பின்னரே வெளிக்குச் செல்லல் வேண்டும். யானையைக் கண்டு குரைத்த நாய் எசமானிடமே திரும்பி ஓடிவரும் என்பதை எருமைக்குச் சொன்னவாறே இங்குங் கொள்க. அறுவடை முடிந்த வயலில் எலியைத் தேடிக் கண்ணாடி விரியன் வரும். தாள் அடர்ந்த மூலைகளையும் வைக்கோற் போர்களின் அடியையும் விலக்கிப் பயிற்சி நடத்தல் வேண்டும்.

நீர்ப்பயிற்சி

நீரில் இறங்கி எடுத்துவரும் பயிற்சிக்குக் குளமே முதலில் எவருக்கும் நினைவில் வரும். இம்மாவட்டத்தில் அது பெரும்பாலும் தவறான நினைவாகும். குளங்களிலும் வில்லுகளிலும் சதுப்பு முதலையும், மகாவலி கொட்டியாரக் குடாவிற் கலக்கும் கழிமுகங்களிலும் வெருகலாற்றுப் பக்கத்திலும் செம்மூக்கு முதலையும் வாழ்கின்றன. செப்டெம்பரிற் குளநீர் வற்றும்போது முதலைகள் எஞ்சிய நீரிற் கூடிக்கிடக்கும். நீந்தும் நாய் அவற்றுக்கு விருப்பமான இரை. நீர் நிறைந்த காலத்திலோ அவை எங்கே உளவென்பது எவருக்கும் தெரியாது. 1939ஆம் ஆண்டில் இந்நாட்டுக்குட் புகுந்த சல்வீனியாப் பாசியும் ஆகாயத்தாமரையும் மூடிய நீரில் நாயின் கால்கள் சிக்கும்.

ஆழங் குறைந்து, அடி தெரியும் வாய்க்காலே முதற் பயிற்சிக்கு ஏற்றது. அதன் பின் கடல். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திற் கிழக்குக் கரையில் கடல் அமைதியாயிருக்கும். உப்புவெளி, நிலாவெளிப் புறங்களிலே மெல்லச் சரிந்து செல்லும் மணற்கரை நாய்க்குப் படிக்கட்டுப் போன்றது. வயலோய்ந்த செப்டெம்பரும் கடலோய்ந்த காலமும் ஒன்றாக அமைந்திருப்பது இம்மாவட்டத்துக்கு வாய்த்த வசதியெனலாம். ஆயினும் கரைவலை இழுக்கும் காலமும் அதுவே. பாட்டுக்காரரின் வாடிக்குச் சென்று, வலை வளைக்கும் நேரத்தையும் இடத்தையும் கேட்டறிந்து, அவர் காட்டும் துண்டிலேயே நாயை இறக்கல் வேண்டும். லப்ரடோரின் முன்னோர் வலைக்காரரின் தோழராயிருந்தவை எனினும், இங்கே வலையில் சிக்கிய நாய் வலையைக் கிழிக்கும். பயிற்சி முடிந்ததும் நன்னீரால் நாயைக் கழுவி, குடிக்கவும் நன்னீர் கொடுத்தல் வேண்டும். கடல்நீரைக் குடித்த நாய் வாந்திபேதியுறும்.

நோயும் ஊர் வழக்கமும்

நாய்களைப் பதிவு செய்தல் 1901ஆம் ஆண்டுச் சட்டத்தால் விதிக்கப்பட்டது. விசர்நாய்க்கடி நோய்க்கெதிராக ஆண்டுதோறும் தடுப்பூசி ஏற்றப்பட்ட அத்தாட்சியைக் காட்டாத எந்த நாயையும் வயலில் விடலாகாது. எவரையேனும் நாய் கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடங் கழுவி, அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். தடுப்பூசி ஏற்றிய நல்ல நாய்தானே என்று வீட்டிலிருத்தலாகாது.

எலிக்காய்ச்சலைக் கமக்காரர் நன்கறிவர். எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து மனிதனுக்கு வரும் அந்நோய் நாய்க்கும் வரும். நோயுற்ற நாயின் சிறுநீரும் அதனைப் பரப்பும். இதற்கும் நாய்க்குத் தடுப்பூசியுண்டு. மிருக வைத்தியரிடம் கேட்டுப் பெறலாம். பயிற்சி நடந்த வெளியில் அடுத்து உழவுக்கு இறங்குபவர், காலிற் புண் இருப்பின், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே மருந்து கேட்டல் நன்று.

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வயல் செய்யும் மாவட்டம் இது. கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களில் நாயின் உமிழ்நீர் பட்ட பாத்திரத்தையும் உடையையும் மார்க்க முறைப்படி பலமுறை கழுவித் தூய்மை செய்யும் கடமையுடைய மக்கள் வாழ்கின்றனர். அவர்களது வாடி, கிணறு, தண்ணீர்க் குடம், தொழுமிடம் ஆகியவற்றின் அருகே நாயைக் கொண்டுசெல்லாதிருத்தல் முதல் மரியாதை. வைரவரின் வாகனமாக நாயைப் போற்றும் தமிழ்க் கமக்காரருங்கூடச் சூடடிக்கும் களத்தில் அதனை மிதிக்க விடுவதில்லை. அயல்வயற்காரர் எவராயினும் தமக்குச் சம்மதமில்லையென்று சொன்னால் அவரது வயலுக்கும் பயிற்சி வெளிக்கும் இடையே இரண்டு வரவை வயலையேனும் விட்டு விலகுதல் வேண்டும்.

கடைசி நாட் பயிற்சி முடிந்தபின் பயிற்சியாளரும் கமக்காரரும் சேர்ந்து ஒருமுறை வெளியைச் சுற்றி நடத்தல் வேண்டும். நாய் அடிக்கடி ஏறி இறங்கிய இடங்களில் வரம்பின் முடி தேய்ந்திருக்கும். நண்டுவளையைத் தோண்டிய இடத்திற் பொத்தல் விழுந்திருக்கும். காய்ந்த நிலத்திற் சிறிதாகத் தோன்றும் அப்பொத்தல், நீர் திறந்த முதல் இரவிலேயே வரம்பை அறுத்துவிடும். மண் இறுகிக் கிடக்குமாதலின், சிறிது நீர் தெளித்து ஊறவிட்டு, மறுநாட் காலையில் வெட்டிப் போட்டு மிதித்தாற்றான் அடைப்பு நிற்கும்.